முடிச்சவிழ்க்கிகளும் நாமும்: பயணத்தில் பணமும் பொன்னும் காத்தல்

ஜேப்படிக்காரனைக் குறிக்கத் தமிழில் இரண்டு பழைய சொற்கள் உண்டு: முடிச்சவிழ்க்கி, முடிச்சுமாறி. இன்று இரண்டும் வசவாகவே வழங்குகின்றன. பிறந்த காலத்தில் அவை ஒரு தொழிலின் நேரடியான பெயர்கள். சட்டையும் சட்டைப்பையும் இல்லாத நாளில் நம்மவர்கள் காசை வேட்டி மடியிலோ சேலைத் தலைப்பிலோ முடிந்து வைத்தார்கள். கூட்டத்தில் அந்த முடிச்சை அறியாமல் அவிழ்ப்பவன் முடிச்சவிழ்க்கி. பின்னர் சட்டை வந்தது, அதில் பை வந்தது. அந்தப் பைக்கு இந்துஸ்தானி வழியாக 'ஜேப்பு' என்ற பெயர் வந்தது. கள்வனும் ஜேப்படிக்காரன் ஆனான். அதற்கும் பிறகு ஆங்கிலம் வந்து அவனைப் பிக்பொக்கெற் ஆக்கிவிட்டது.

ஆங்கிலத்தின் கதையும் இதுவேதான். இடுப்பு வாரில் பணப்பையைத் தொங்கவிட்ட காலத்தில் அந்த வாரை வெட்டி எடுப்பவனுக்கு 'பை வெட்டி' என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. உடைக்குள் பை தைக்கப்பட்ட பின்னரே இன்றைய பெயர் வழக்குக்கு வந்தது. பணம் இருக்கும் இடம் மாறும்போதெல்லாம் கள்வனின் பெயரும் கைவேலையும் மாறுகின்றன. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு விஷயத்தையே பிடித்துக்கொண்டு போகப் போகிறேன். ஏனென்றால் ரொறன்ரோவில் வாழும் எங்களிடம் இன்று பணம் பணப்பையில் இல்லை. அது அட்டையிலும், செல்பேசியிலும், எங்கள் தாய்மாரின் கழுத்திலும் இருக்கிறது.

இலக்கியத்தில் கள்வர்

களவைப் பற்றி நம் இலக்கியம் நிறையவே அறிந்திருந்தது. பாலை நிலத்தில் வழிப்போக்கரை மறித்துப் பறிப்போரை 'ஆறலை கள்வர்' என்றார்கள். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, நள்ளிரவு மதுரையில் கருநிற உடையோடும் நூலேணியோடும் திரியும் கள்வரையும், அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலரையும் அருகருகே காட்டுகிறது. இதில் ஆழமானது சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை. அங்கே பொற்கொல்லன் களவு நூலைப் பற்றி ஒரு விரிவுரையே நிகழ்த்துகிறான். கள்வர் கைக்கொள்ளும் துணைகள் எட்டு என்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து போன்றவற்றை இன்று நாம் தள்ளிவிடலாம். தந்திரம், இடம், காலம், கருவி என்ற நான்கும் இன்றைய எந்தப் பொலிஸ் கையேட்டிலும் தலைப்புகளாக வரக்கூடியவை.

அந்த விரிவுரையை நிகழ்த்துபவனே அரசியின் சிலம்பைத் திருடியவன் என்பதுதான் அதன் விசேஷம். காவலர்களின் கவனத்தைக் கோவலன் பக்கம் திருப்பிவிடுவதற்காகவே அவன் பேசுகிறான். கவனத்தைத் திருப்புதல்தான் இந்தத் தொழிலின் மூலதனம். விரல்களின் வேகம் அதற்கு அடுத்தபடிதான்.

லண்டனில் பள்ளிக்கூடமே நடந்தது. 1585ல் அந்நகரத்தின் நீதி அதிகாரியான வில்லியம் பிளீற்வூட், பில்லிங்ஸ்கேற் அருகே ஒரு மதுச்சாலையில் சிறுவர்களுக்கு இத்தொழில் கற்பிக்கப்பட்டதைத் தன் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். சிறுமணிகள் கட்டிய பையொன்றைத் தொங்கவிட்டு, மணி ஒலிக்காமல் உள்ளிருப்பதை எடுப்பவனுக்குத் தேர்ச்சிப் பட்டம் கொடுத்தார்களாம். பின்னாளில் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 'ஒலிவர் ருவிஸ்ற்' நாவலில் காட்டிய ஃபேகினின் பள்ளி வெறும் கற்பனை அன்று.

தண்டனையும் கடுமையாகவே இருந்தது. 1565ல் வந்த ஒரு சட்டம், ஒருவரின் உடலிலிருந்து அவரறியாமல் திருடுவதைத் தூக்குத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சாமுவேல் ரொமிலி என்ற சீர்திருத்தவாதியின் முயற்சியால் 1808லேதான் அது நீங்கியது. தூக்கு மேடையைச் சுற்றிக் கூடிய கூட்டத்திலேயே ஜேப்படி மும்முரமாக நடந்தது என்று சொல்வார்கள். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அல்லவா! அக்காலத்தின் பேர்பெற்ற ஜேப்படிக்காரனான ஜோர்ஜ் பாரிங்ரன் நாடு கடத்தப்பட்டு 1791ல் அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்தான். அங்கே பரமற்றாவில் தலைமைக் கொன்ஸ்ரபிளாக உயர்ந்தான்.

கைவேலை நடக்கும் விதம்

தனியாகத் தொழில் செய்பவர்கள் உண்டு. ஆனால் திறமையான குழுவில் பெரும்பாலும் மூவர் இருப்பார்கள். ஒருவர் உங்களைத் தடுத்து நிறுத்துவார். நகரும் படிக்கட்டின் மேல்முனையில் திடீரென நின்றுவிடுவது, பஸ் வாசலில் சில்லறை தேடுவது, கையிலிருந்ததைத் தவறவிட்டுக் குனிவது எல்லாம் அவரது வேலை. இரண்டாமவர் எடுப்பவர். மூன்றாமவர் எடுத்ததைக் கைமாறி வாங்கிக்கொண்டு எதிர்த்திசையில் போய்விடுவார். எடுத்தவரை நீங்கள் பிடித்தாலும் அவரிடம் ஒன்றும் இருக்காது.

உணர்வு ஏமாறும் விதமும் தெரிந்திருக்க வேண்டியது. தோளில் ஓர் அழுத்தமான தொடுகையும் இடுப்பில் ஒரு மென்மையான தொடுகையும் ஒரே கணத்தில் நேர்ந்தால், மூளை அழுத்தமானதையே பதிவு செய்யும். கூட்டத்தில் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பவர் உங்கள் தோளைத் தொடுவதன் பொருள் சில வேளை இதுதான். இறுகப் பிடித்த மணிக்கட்டில் பிடியின் உணர்வு சிறிது நேரம் தங்கியிருக்கும். அதற்குள் கைக்கடிகாரம் போய்விடலாம்.

'ஜேப்படிக்காரர் ஜாக்கிரதை' என்ற பலகையைக் கண்டதும் மனிதர் என்ன செய்வார்? தன் பணப்பை இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். பணப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அருகில் நிற்பவருக்கு அவரே காட்டிக்கொடுத்துவிடுகிறார். பொருளை ஒரே இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு அதை மறந்து நடப்பதுதான் நல்லது.

உடையில் கறை பட்டுவிட்டது என்று துடைத்துவிட வருபவர், கையெழுத்துக் கேட்டு ஓர் அட்டையை உங்கள் மார்புக்குக் குறுக்கே நீட்டுபவர், நிலத்திலிருந்து மோதிரம் ஒன்றை எடுத்து 'இது உங்களுடையதா?' என்று கேட்பவர் - இவையெல்லாம் உலகெங்கும் ஓடும் பழைய நாடகங்கள். மூன்றிலும் பொதுவானது ஒன்று. நீங்கள் கேட்காமலே அந்நியர் ஒருவர் உங்களை ஒரு முழத்துக்குள் நெருங்குகிறார்.

ரொறன்ரோவில் நடப்பது

1954 மார்ச் 30ந் திகதி கனடாவின் முதலாவது சுரங்க ரயில் யங் வீதியின் கீழ் ஓடத் தொடங்கியது. இன்றும் புளோர்-யங், யூனியன், சென்ற் ஜோர்ஜ் ஆகிய மாறுநிலையங்களில் மாலை ஐந்து மணிக்கு நிற்பவருக்குச் சனநெரிசல் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆனாலும் பார்சலோனா, ரோம், பாரிஸ் போன்ற நகரங்களின் ஜேப்படிப் பெயர் ரொறன்ரோவுக்கு இல்லை. சனம் காசு கொண்டு திரிவது குறைந்துவிட்டதும் ஒரு காரணம். ரி.ரி.சி.யின் பழைய நாணய வில்லைகளும் பயணச்சீட்டுகளும் 2025 ஜூன் முதலாம் திகதியிலிருந்து செல்லாது. 2023 ஓகஸ்டிலிருந்து கடனட்டையைத் தட்டியே பயணிக்கலாம்.

காசு இடம் மாறியது, கள்வரும் மாறினார்கள். ரொறன்ரோ, யோர்க், பீல், டர்ஹாம் பிராந்தியப் பொலிஸார் இந்தச் சில வருடங்களாக மீண்டும் மீண்டும் எச்சரிப்பது கவனம் திருப்பும் திருட்டு பற்றித்தான். எங்கள் சமூகம் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பாதிக்கப்படுபவர்களில் தெற்காசிய முதியவர்கள் கணிசமானவர்கள். காரணம் வெளிப்படை, தெருவில் பொன் அணிந்து நடப்பவர்கள் அவர்கள்தான்.

நடக்கும் விதம் இது. அம்மா ஒருவர் பகல் வேளையில் வீட்டருகே நடக்கிறார், அல்லது முன்முற்றத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிறார். கார் ஒன்று மெதுவாக வந்து நிற்கிறது. உள்ளே ஓர் ஆண், ஒரு பெண், சில வேளை குழந்தையும்கூட. ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கிறார்கள்; அல்லது கோவிலுக்கோ மருந்துக்கடைக்கோ. அம்மா வழி சொல்கிறார். அவர்கள் மிகையாக நன்றி சொல்கிறார்கள். 'நீங்கள் என் அம்மா மாதிரி' என்று கையைப் பிடிக்கிறார்கள், ஆசீர்வாதம் கேட்கிறார்கள். நன்றிக் கடனாகச் சங்கிலி ஒன்றையோ மோதிரத்தையோ வேண்டாம் வேண்டாம் என்னும்போதே அணிவித்துவிடுகிறார்கள். அணிவிக்கும் அந்தக் கைகளே அம்மாவின் சொந்தச் சங்கிலியைக் கழற்றிவிடுகின்றன. கழுத்தில் கனம் இருப்பதால் இழப்பு உடனே தெரிவதில்லை. கார் போனபின், கண்ணாடிக்கு முன்னால்தான் தெரிகிறது கழுத்தில் கிடப்பது பித்தளை என்பது.

எத்தனை கச்சிதமான வேலை என்று பாருங்கள். மேலே சொன்ன தடுப்பவர், எடுப்பவர், கொண்டுபோகிறவர் மூவரும் ஒரே காரில் இருக்கிறார்கள். கழுத்தில் விழும் புதுச் சங்கிலியின் கனம், கழலும் சங்கிலியின் உணர்வை மறைத்துவிடுகிறது.

இழப்பின் அளவையும் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். 2025 ஒக்ரோபரில் தங்கம் அவுன்ஸ் ஒன்று 4000 அமெரிக்க டொலரைத் தாண்டியது. அந்த விலையில், 22 கரட்டில் 8 கிராம் கொண்ட ஒரு பவுணின் பொன்மதிப்பு மட்டும் ஏறத்தாழ 940 அமெரிக்க டொலர். பதினொரு பவுணில் ஒரு தாலிக்கொடி என்றால் பத்தாயிரம் அமெரிக்க டொலருக்கு மேல். இதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பில் நிற்பவர், பத்தாயிரம் டொலரை வெளியில் தெரியும்படி தொங்கவிட்டபடி நிற்கிறார். கனடியக் குற்றவியல் சட்டக்கோவையின்படி 5000 டொலருக்கு மேற்பட்ட திருட்டுக்கு உச்சத் தண்டனை பத்து ஆண்டுச் சிறை. கள்வருக்குச் சட்டமும் தெரியும், தங்கத்தின் விலையும் தெரியும்.

ஆனால் தாலிக்கொடியின் கணக்கு டொலரோடு முடிவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, காட்டுவழியும் முகாமும் கடந்து, அடைவு வைத்து மீட்டு, கடைசியில் கடல் கடந்து வந்த நகை அது. பல வீடுகளில் ஊரிலிருந்து எஞ்சி வந்த ஒரே பொருளும் அதுதான். அதே நிறையில் இன்னொன்று செய்விக்கலாம். அதே கொடியைச் செய்விக்க எந்தப் பத்தராலும் முடியாது.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்கு இப்படி நேர்ந்தது. இரண்டு நாட்கள் அவர் யாருக்கும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தை மூடியபடியே வீட்டுக்குள் நடமாடினார். கண்டுபிடித்த மகன் கேட்ட முதல் கேள்வி: "தெரியாத ஆக்களோட ஏனம்மா நிண்டு கதைச்சனீங்கள்?" அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அந்த இரண்டு நாளில் அயல்வீட்டுக் கமராப் பதிவு அழிந்துபோயிற்று. கள்வர் நம் பெரியவர்களின் மரியாதையைப் பயன்படுத்துகிறார்கள். வழி கேட்டவனுக்கு வழி சொல்லாமல் போவது அவர்கள் வளர்ந்த ஊரில் அவமரியாதை. அதன்பின் நாம் அவர்களது வெட்கத்தையும் கள்வருக்குத் துணையாக்கிவிடுகிறோம். வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் முதலில் சொல்லவேண்டியது, 'உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லைத்தானே அம்மா?' என்பது மட்டுமே.

பெரியவர்களுக்குச் சொல்லிவைக்கச் சில எளிய விதிகள் போதும். வழி சொல்லலாம், காரிலிருந்து நான்கு அடி தள்ளி நின்று சொல்லலாம். காருக்குள் தலையையோ கையையோ நீட்டக் கூடாது. யார் எதைப் பரிசாகத் தந்தாலும் அணிய விடக் கூடாது. தொட வந்தால் உரத்து 'நோ' என்று சொல்லிப் பின்வாங்கலாம்; அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நடக்கப் போகும்போது கழுத்தில் ஒரு மெல்லிய மஞ்சள் கயிறோ சிறு சங்கிலியோ போதும், கொடி வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். குளிர்காலத்தில் கழுத்துச் சால்வை ஒரு காவல். கோடையில் அதுவும் இல்லாததால் கவனம் அதிகம் தேவை. ஒருவேளை பலவந்தமாகப் பறிக்க முயன்றால், விட்டுவிட வேண்டும். பொன்னுக்காக விழுந்து இடுப்பெலும்பு முறிவது எழுபது வயதில் உயிர்ப் பிரச்சினை.

அட்டைகளைக் குறிவைப்பதும் இதே வித்தையின் இன்னொரு வடிவம். கடையில் நீங்கள் இரகசிய இலக்கத்தை அழுத்துவதைப் பின்னால் நிற்பவர் பார்த்துக்கொள்வார். பிறகு வாகனத் தரிப்பிடத்தில் வந்து 'உங்கள் காசு கீழே விழுந்திருக்கிறது' என்றோ 'சக்கரத்தில் காற்று இல்லை' என்றோ சொல்வார். நீங்கள் குனியும் நேரத்தில் அட்டை போய்விடும். இன்னொன்று போலி டாக்சி. இளைஞர் ஒருவர் டாக்சிச் சாரதியோடு தர்க்கப்பட்டுக்கொண்டிருப்பார். சாரதி காசு வாங்க மாட்டேன் என்கிறார், 'நான் உங்களுக்குக் காசு தருகிறேன், உங்கள் அட்டையால் கட்டிவிடுங்கள்' என்று கெஞ்சுவார். இரக்கப்பட்டுக் கொடுத்தால் அந்த இயந்திரம் உங்கள் இலக்கத்தைப் பதிந்துகொள்ளும். திரும்பக் கைக்கு வருவது அதே வங்கியின் வேறு யாரோ ஒருவரது அட்டை. அட்டையை அந்நியர் கையில் கொடுப்பதில்லை, இலக்கத்தை மறுகையால் மறைத்தே அழுத்துவது என்ற இரண்டு பழக்கங்களும் இவ்விரண்டு வழிகளையும் அடைத்துவிடும்.

நாம் போகும் இடங்கள்

ரொறன்ரோத் தமிழரின் பயணங்களுக்கு வழமையான தடங்கள் உண்டு. ஐரோப்பா என்றால் முதலில் பாரிஸ். சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.ஈ.ஆர். 'பி' ரயிலில் கார் து நோர் வந்திறங்கி, லா சப்பலில் தோசை சாப்பிடுவது வழக்கம். அந்த ரயிலும் அந்த நிலையமும் ஜேப்படிக்குப் பேர்போனவை. நித்திரைக் களைப்பு, நாலு பெட்டி, கையில் கடவுச்சீட்டு. கள்வர் விரும்பும் பயணி இதுதான். பாரிஸில் இது எவ்வளவு முற்றியது என்பதற்கு இரண்டு திகதிகள் போதும். 2013 ஏப்ரல் 10ந் திகதி ஜேப்படிக் கும்பல்களின் தொல்லையை எதிர்த்து லூவ்ர் அருங்காட்சியக ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். அன்று மோனாலிசாவை யாரும் பார்க்க முடியவில்லை. 2015 மே 22ந் திகதி இதே காரணத்துக்காக ஈபிள் கோபுரம் பல மணிநேரம் மூடப்பட்டது. பார்சலோனாவின் லா ரம்ப்லா வீதியும், ரோமில் ரேர்மினி நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ம் இலக்க பஸ்ஸும் இதே பட்டியலில் சேர்ந்தவை.

ரயிலில் கதவோரம் நின்று செல்பேசி பார்ப்பது எங்கும் ஆபத்து. கதவு மூடும் கணத்தில் பறித்துக்கொண்டு வெளியே பாய்ந்துவிடுவார்கள். ரயில் உங்களை அடுத்த நிலையத்துக்குக் கொண்டுபோய்விடும். உட்பக்கம் தள்ளி நின்றால் இந்த வித்தை பலிக்காது.

ஊருக்குப் போகும்போது நிலைமை வேறு. நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாட்கள். தேர், தீர்த்தத்துக்குப் புலம்பெயர்ந்தவர்கள் திரளாகப் போகிறோம். நகை அணிந்து வரவேண்டாம் என்று அங்கு ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள்; ஆண்டுதோறும் நாம்தான் அணிந்துகொண்டு போகிறோம். கனடாவில் வங்கிப் பெட்டகத்தில் கிடந்ததை ஊரில் காட்டாவிட்டால் வேறெங்கே காட்டுவது என்ற நியாயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் வடம் பிடிக்கும் நெரிசலில் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் கொளுக்கியை யாரும் காவல் காக்க முடியாது. ஆண்கள் நல்லூரில் மேலாடை களைந்தே உள்ளே போக வேண்டும். அங்கே சட்டைப்பை இல்லை, மறுபடியும் வேட்டி மடிதான். மறுபடியும் முடிச்சவிழ்க்கியின் காலம்தான். கடவுச்சீட்டையும் அட்டைகளையும் தங்குமிடத்தில் பூட்டிவைத்து, அர்ச்சனைச் சீட்டுக்கும் கச்சானுக்கும் போதுமான காசோடு போவதே உத்தமம்.

சென்னையில் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொலிஸார் காவல் கோபுரங்கள் அமைத்து ஒலிபெருக்கியில் எச்சரித்தபடி இருப்பார்கள். அந்த அறிவிப்பு கேட்கும்போதும் கையைப் பணப்பைக்குக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது!

புறப்படுமுன்

எங்கள் பாட்டிமாரின் இடுப்பில் சுருக்குப்பை இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஓலையில் பின்னிய கொட்டைப்பெட்டி இருந்தது. உடலோடு ஒட்டி, உடைக்குள் மறைந்து, எடுக்க நேரமெடுக்கும் ஏற்பாடு அது. இன்று பயணப்பொருள் கடைகளில் முப்பது டொலருக்கு விற்கும் இடுப்புப்பட்டியும் அதே தத்துவம்தான். கடவுச்சீட்டு, பெருந்தொகை, இரண்டாவது அட்டை ஆகியவை அதற்குள். அன்றைய செலவுக்கான காசும் ஓர் அட்டையும் முன்பக்கப் பையில். காற்சட்டையின் பின்பையில் எதுவும் இல்லை. தோள்பையை முதுகில் மாட்டினால் அது பின்னால் நிற்பவருடையது. நெரிசலில் முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். உணவகத்தில் கைப்பையைக் கதிரையின் முதுகில் தொங்கவிடுவதும், செல்பேசியை மேசை விளிம்பில் வைப்பதும் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதிருப்பது அடுத்த விதி. கணவன் மனைவி இருவரின் கடவுச்சீட்டுகளும் ஒரே கைப்பையில் இருந்தால், அந்தப் பை போகும்போது குடும்பமே தவிக்கும். வேண்டாதவற்றை வீட்டிலேயே விடுங்கள். சமூகக் காப்புறுதி இலக்கத்துக்குப் பிளாஸ்ரிக் அட்டை கொடுப்பதை அரசாங்கம் 2014லேயே நிறுத்திவிட்டது. பழைய அட்டையை இன்னும் பணப்பையில் வைத்திருப்பவர்கள், உங்கள் பெயரில் கடன் எடுப்பதற்கான திறவுகோலைக் கொண்டு திரிகிறீர்கள்.

நிரந்தரவாசிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. கனடாவுக்கு விமானம் ஏற உங்களுக்கு நிரந்தரவாசி அட்டை தேவை. வெளிநாட்டில் அது தொலைந்தால் அங்கே புதிய அட்டை கிடைக்காது. நிரந்தரவாசிக்கான பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இறங்கிய நாளே அந்த அட்டையைப் பணப்பையிலிருந்து எடுத்துக் கடவுச்சீட்டோடு பூட்டிவைப்பது அவசியம். கடவுச்சீட்டு, அட்டைகள், பயணக் காப்புறுதிப் பத்திரம் எல்லாவற்றின் பிரதிகளையும் ரொறன்ரோவில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம்.

செல்பேசிதான் இன்றைய பணப்பை, அடையாள அட்டை, வங்கி எல்லாம். கள்வர் முதலில் நீங்கள் கடவு இலக்கம் அழுத்துவதைப் பார்த்துவிட்டே எடுக்கிறார்கள். வெளியில் விரல் அடையாளத்தையோ முக அடையாளத்தையோ பயன்படுத்துங்கள். ஐபோனில் 2024 தொடக்கத்தில் வந்த திருட்டுப் பாதுகாப்பு வசதியை இயக்கிவைத்தால், இலக்கம் தெரிந்தவனும் கணக்குகளை உடனே மாற்ற முடியாது. *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்கங்களைக் குறித்து வீட்டில் வையுங்கள். திருடப்பட்ட கருவிகளின் தேசியத் தடைப்பட்டியல் ஒன்று கனடாவில் 2013லிருந்து இருக்கிறது. நிறுவனத்துக்கு அறிவித்தால் உங்கள் கருவி அதில் சேரும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு களவுபோன செல்பேசிக்கே வரும் என்பதையும் மறக்கவேண்டாம். உடன் பயணிப்பவரின் கருவியில் இன்னொரு வழியை முன்கூட்டியே அமைத்துவைப்பது நல்லது.

பறிபோன பின்

முதல் ஒரு மணிநேரம் முக்கியம். வரிசை இது: அட்டைகளை நிறுத்துங்கள், செல்பேசியைத் தொலைவிலிருந்து பூட்டுங்கள், பிறகு பொலிஸ். கடனட்டை தொலைந்து பிறர் பயன்படுத்தினால் உங்கள் பொறுப்புக்குக் கனடியச் சட்டம் வைத்திருக்கும் உச்ச எல்லை 50 டொலர். வங்கி அட்டையில் நிலைமை அவ்வளவு இலகு அன்று. இரகசிய இலக்கத்தை அட்டையோடு எழுதி வைத்திருந்தால் வங்கி கைவிரிக்கலாம். பதிவு செய்த பிரெஸ்ரோ அட்டையாக இருந்தால் மிச்சப் பணத்தைப் புதிய அட்டைக்கு மாற்றலாம். ஈக்குவிபக்ஸ், ரான்ஸ்யூனியன் இரண்டுக்கும் அறிவித்து உங்கள் பெயரில் மோசடி எச்சரிக்கை போட்டுவையுங்கள்.

ரொறன்ரோவில் ஆபத்து இன்னும் எதிரே நிற்கிறதென்றால் 911. கள்வர் போய்விட்டார்கள் என்றால் 416-808-2222. ஆங்கிலம் தெரியாதென்று யாரும் பின்னிற்கத் தேவையில்லை. 911ல் 'தமிழ்' என்ற ஒரு சொல்லைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இதை உங்கள் பெற்றோருக்கு ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். கார் நிறம், இலக்கத்தகடு, வந்தவர்களின் தோற்றம் ஆகியவற்றை உடனே எழுதிவைத்து, அயல்வீடுகளின் கதவுமணிக் கமராப் பதிவுகளை அன்றே கேளுங்கள்.

வெளிநாட்டில் என்றால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி இல்லாமல் காப்புறுதி நகராது. கடவுச்சீட்டு போனால் அருகிலுள்ள கனடியத் தூதரகத்துக்கு அறிவிக்க வேண்டும். இலங்கையில் அது கொழும்பில் உள்ள உயர்ஸ்தானிகராலயம். ஒட்டாவாவின் இருபத்துநான்கு மணிநேர அவசர நிலையத்தின் இலக்கம் 613-996-8885. தொலைந்ததாக அறிவித்த கடவுச்சீட்டு இரத்தாகிவிடும். பிறகு கண்டெடுத்தாலும் அதில் பயணிக்கக் கூடாது. ஆகவே அறிவிக்குமுன் பெட்டிகளை ஒருமுறை நன்றாகத் தேடிவிடுங்கள்.

வீட்டுக் காப்புறுதியையும் இன்றே எடுத்துப் பாருங்கள். நகைக்கு அதில் பெரும்பாலும் ஒரு தனி உச்சவரம்பு இருக்கும், அது ஒரு தாலிக்கொடியின் மதிப்புக்குக் காணாமல் போகலாம். நகைகளைப் படமெடுத்து, மதிப்பீட்டுப் பத்திரம் பெற்று, தனியாகச் சேர்க்கலாம். கள்வரைப் பொலிஸார் பிடித்து நகைகளை மீட்டாலும், இது என்னுடையது என்று நிறுவ அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். பாதி உண்மை. மடியில் கனத்தோடுதான் நாங்கள் எல்லோரும் பயணம் போகிறோம். ஊருக்குக் கொண்டுபோகும் காசும், ஊரிலிருந்து வந்த பொன்னும் இல்லாமல் எங்களுக்குப் பயணம் ஏது? அந்தக் கனம் எங்கே இருக்கிறது என்பது நமக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதும். வழி கேட்பவருக்கு வழி சொல்வதை நம் பெரியவர்கள் நிறுத்தவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நான்கு அடி தள்ளி நின்று சொல்லட்டும்.